கரையில் நிற்கும் வெள்ளைப் பெட்டி

எங்கள் ஊர்க் கரையில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கிறது. கப்பலில் வருமே, அந்த இருபது அடிக் கொள்கலன். மத்தியான வெயிலுக்கு அதன் நிழலில் ஐந்தாறு கழுதைகள் படுத்திருக்கும். மன்னாருக்குப் புதிதாக வருகிறவர்கள் கழுதைகளைப் படம் எடுப்பார்கள், பெட்டியை யாரும் எடுப்பதில்லை. ஆனால் அதற்குள் ஓர் ஐஸ் தொழிற்சாலை முழுசாக இருக்கிறது. கம்பிரசர், கொண்டென்சர், பம்ப், மின்பலகை, ஐஸ் உருளை எல்லாம் வெளிநாட்டில் ஒரு பட்டறையில் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, கதவைப் பூட்டி அனுப்பியது. இங்கே வந்து கரண்டையும் தண்ணியையும் கொடுத்தால் போதும் என்றார்கள். கொடுத்தோம். ஒரு வருடமும் சில மாதங்களும் ஓடியது. பிறகு நின்றது, நின்றதுதான்.

அது வந்தபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வெள்ளைச் சட்டையோடு வரிசையாக நின்று கைதட்டினோம். தந்தவர்கள் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நல்ல மனதோடுதான் தந்தார்கள், பெயர்ப்பலகையையும் உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது. இப்போது அதை எழுதுவதற்குக் காரணம், கடற்றொழிலாளர் சங்கத்தில் மறுபடியும் ஐஸ் பற்றிய பேச்சு வந்திருக்கிறது. இந்த முறை சங்கத்தின் சொந்தக் காசு, மிச்சத்துக்குக் கடன். மூன்று விலைக்கோரல்கள் ஆங்கிலத்தில் வந்தன. "பிள்ளையள், நீங்கள் படிச்சனீங்கள்தானே, ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது தலைவர் எங்களிடம் நீட்டினார். எங்களில் ஒருவர் தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்தவர், ஒருவர் கணக்கு, மற்ற இரண்டு பேருக்கும் எழுதத் தெரியும் என்ற நம்பிக்கை மட்டும். மூன்று கிழமை அந்தக் காகிதங்களோடு கிடந்தோம். அதில் விளங்கியதுதான் இது.

முதலில் ஐஸ் ஏன் இவ்வளவு பெரிய விசயம் என்று சொல்லவேண்டும். கடற்கரையில் பிறந்த எங்களுக்கே அது முழுசாகத் தெரிந்திருக்கவில்லை.

மீன் பழுதாகும் வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பூச்சியம் பாகையில் வைத்த மீனை விட ஐந்து பாகையில் வைத்த மீன் இரண்டு மடங்குக்குச் சற்று மேலான வேகத்தில் பழுதாகும். பத்துப் பாகையில் நான்கு மடங்கு. எங்கள் கரையில் காலை ஒன்பது மணிக்கே வெயில் முப்பதைத் தொட்டுவிடும். பிடித்த மீனை முப்பதிலிருந்து பூச்சியத்துக்குக் கொண்டுவர, ஒரு கிலோ மீனுக்குக் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு கிலோ ஐஸ் காணும். ஆனால் பெட்டியின் சுவர் வழியாக உள்ளே வரும் சூடு, லொறி நிற்கும் நேரம், திறந்து மூடுவது எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வியாபாரிகள் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் அள்ளிக் கொட்டுவதைப் பார்த்தால் ஊதாரித்தனம் போல இருக்கும். இல்லை. மன்னாரிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். விடியப்புறம் பேலியகொடைச் சந்தையில் பெட்டியைத் திறக்கும்போது செவுள் சிவப்பாக இருக்கவேண்டும்.

இது வெறும் பௌதிகக் கணக்கு இல்லை. ஐஸ் கையில் இல்லாதவனுக்குக் காத்திருக்க வழியில்லை. விலை குறைந்தால் "நாளைக்குப் பார்ப்பம்" என்று சொல்ல ஒரு இரவு வேண்டும், அந்த இரவுக்குப் பெயர்தான் ஐஸ். எங்கள் கரையில் ஐஸ் வெளியிலிருந்து லொறியில் வருகிறது. கொண்டுவருகிறவர் மீனையும் வாங்குகிறவர். ஐஸைக் கடனுக்குத் தருவார், மீனை அவருக்கே கொடுக்கவேண்டும், விலையை அவர் சொல்வார். ஏலம் கூறுகிறபோது மற்ற வியாபாரிகள் வாய் திறக்கமாட்டார்கள். லொறி பிந்தினால் பாதி மீன் வாடிக்குப் போய்க் கருவாடாகும். மன்னார்க் கருவாட்டுக்குப் பெயர் உண்டு, உண்மை. ஆனால் கருவாடு போடுவதற்கென்று பிடித்த மீன் வேறு, வேறு வழியில்லாமல் கருவாடான பாரை வேறு. இதை எங்கள் அம்மாமார் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

ஐஸ் வைத்திருப்பவன் விலை சொல்வது புதிதும் இல்லை. 1833இல் அமெரிக்காவின் பொஸ்ரனிலிருந்து ஏரி ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார் பிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி. சென்னை மெரினா கரையில் அதே வியாபாரத்துக்காக 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் நிற்கிறது, இப்போது விவேகானந்தர் இல்லம். இங்கேயே ஐஸ் செய்யும் இயந்திரம் வந்த பிறகு அந்தக் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. எங்கள் சங்கத்துக்கு வேண்டியதும் அதுதான். தூரத்து ஐஸ் போதும், கரையிலே ஓர் இயந்திரம் வேண்டும்.

அந்த இயந்திரத்தை எங்கள் ஊர் பார்க்காதது அல்ல. பக்கத்தில் முன்பு ஒரு ஐஸ் கொம்பனி இருந்தது. பெரிய உப்புநீர்த் தொட்டி, அதற்குள் வரிசையாக இறக்கிய தகர அச்சுகள், சுவருக்கு அப்பால் அமோனியாக் கம்பிரசர். உப்புநீர் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை வரைக்கும் குளிர்ந்திருக்கும், உப்பு இருப்பதால் உறையாது. அதில் மூழ்கிய அச்சுக்குள் நல்ல தண்ணி மெல்ல மெல்ல உறைந்து, ஒரு நாள் போனால் கட்டியாகும். அங்கே மெசின் பார்த்தவரை ஊரில் எல்லோரும் மெசின் அப்பு என்பார்கள். எழுபது வயது தாண்டிவிட்டது. காகிதங்களோடு அவரிடம் போனோம்.

"கம்பிரசர் சத்தத்திலயே தெரியும் பிள்ளை. எண்ணெய் குறைஞ்சா ஒரு சத்தம், காஸ் குறைஞ்சா ஒரு சத்தம். நான் வீட்டில படுத்திருந்து கேப்பன்" என்றார். மிகைதான் என்று நினைத்தோம். அவர் மனைவி குசினிக்குள் இருந்து, "ஓம், ராவில எழும்பி ஓடுவார்" என்றா.

சண்டைக்காலத்தில் எரிபொருளுக்கும் உதிரிப்பாகத்துக்கும் தடை. கடலுக்குப் போகவே நேரம் குறித்த காலம். அப்போதும் அந்த மெசினை வெட்டி ஒட்டி ஓட்டியிருக்கிறார்கள். கேஸ்கெட்டை லொறி ரியூப் றப்பரில் வெட்டிப் போட்டதாக அப்பு சொன்னார். அமோனியாவுக்கு அது எவ்வளவு நாள் தாங்கும் என்று எங்கள் குளிரூட்டல்காரர் கேட்க, "கிழமைக்கு ஒண்டு" என்று சிரித்தார். இதைக் கேட்டுப் பழசுதான் நல்லது என்ற முடிவுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அமோனியா மலிவு, வலு, வளிமண்டலத்துக்குக் கேடில்லை, ஆனால் கசிந்தால் ஆளைச் சாய்க்கும். தூத்துக்குடியில் 2024 ஜூலையில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் கசிந்து, வேலைசெய்த பெண்களை மயக்கத்தோடு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். அப்புவின் இடது கண் எப்போதும் கலங்கியிருப்பதற்கும் அந்த மெசின் வீட்டில் ஒரு கதை இருக்கிறது.

சரி, பெட்டிக்கு வருவோம்.

ஆலைகளுக்கான குளிரூட்டிகளை இப்படி முன்கூட்டியே கட்டிக் கொண்டுவருவது இப்போது உலக வழக்கம். பால் தொழிற்சாலை, மருந்துத் தொழிற்சாலை, கணினித் தரவு மையம் எங்கும் இதைப் பார்க்கலாம். முன்பென்றால் கட்டடம் எழும்பி, பிறகு குழாய்காரர் வந்து, பிறகு வயறிங்காரர் வந்து, ஆளுக்காள் சண்டைபிடித்து, கடைசியில் எந்த இணைப்பு கசிகிறது என்று தெரியாமல் நிற்பார்கள். இப்போது கம்பிரசர், பம்ப், குழாய், மின்பலகை எல்லாவற்றையும் ஒரே இரும்புச் சட்டத்தில் அல்லது கொள்கலனில் பட்டறையிலேயே பொருத்திவிடுகிறார்கள். இடத்துக்கு வந்ததும் நாலு போல்ட், இரண்டு குழாய், ஒரு கேபிள். வெல்டிங் செய்ய நல்ல ஆள் கிடைக்காத எங்களைப் போன்ற இடங்களுக்கு இது பெரிய உதவி. இதை மறுப்பது வீம்பு.

விலைக்கோரல்களில் அடிக்கடி "தொன்" என்று வந்தது. எத்தனை தொன் ஐஸ் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கப் பிழையாகக் கணக்குப் போட்டோம். அது வேறு தொன். வீட்டு ஏசியை ஒன்றரைத் தொன் என்கிறோமே, அதே. 2000 இறாத்தல் ஐஸ் 24 மணித்தியாலத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அதுதான் ஒரு தொன் குளிர், 3.5 கிலோவாட். ஏசி வந்து நூறு வருடமான பிறகும் குளிரை ஐஸ் கட்டியால்தான் அளக்கிறோம் என்பது எங்களுக்குப் பிடித்துப்போனது. ஆனால் ஒரு தொன் குளிரால் ஒரு தொன் ஐஸ் வராது. முப்பது பாகைத் தண்ணியை முதலில் பூச்சியத்துக்கு இறக்கவேண்டும், வழியில் வீணாவதும் உண்டு. ஒன்றரை மடங்குக்கு மேலாவது வேண்டும். கரண்ட், எங்கள் மாதிரி வெப்பமான இடத்தில் ஒரு தொன் கட்டி ஐசுக்கு 55 முதல் 70 யூனிட் வரை, செதில் ஐசுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த பிறகு வெள்ளைப் பெட்டி ஏன் செத்தது என்று பார்த்தோம். பழைய கோப்பு ஒன்று சங்க அலுமாரியில் இருந்தது. மூன்று காரணம் அதற்குள்ளேயே இருந்தது, யாரும் அப்போது வாசிக்கவில்லை.

கொண்டென்சர் காற்றால் குளிர்வது. செம்புக் குழாயில் அலுமினியத் தகடுகள். உப்பு ஈரம் பட்டால் இந்த இரண்டு உலோகமும் ஒன்றாக இருக்க விடாது, அலுமினியம்தான் முதலில் கரையும். தகட்டுக்குப் பூச்சுப் பூசி வாங்கியிருக்கலாம், கூடுதல் விலை என்று விட்டிருக்கிறார்கள். கிழமைக்கொருமுறை நல்ல தண்ணியில் கழுவவேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. நல்ல தண்ணி! இந்தத் தீவில் மணலுக்கு அடியில் உப்புத்தண்ணிக்கு மேல் மிதக்கிற ஒரு படை நல்ல தண்ணிதான் எங்களுக்கு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்க்கும். அதே கிணற்றுத் தண்ணியில்தான் ஐசும் செய்தார்கள்.

அடுத்தது கரண்ட். கரையின் கடைசிக் கம்பத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். மூன்று பேஸில் ஒன்று குறைந்தால் பெட்டியின் காவல் கருவி கம்பிரசரை நிறுத்திவிடும். அது நல்லதுக்குத்தான். ஆனால் மறுபடி ஓட்ட, திரையில் ஒரு இரகசிய எண் கேட்டது. அது கொழும்பில் இருந்த முகவரிடம் மட்டும். முதல் இரண்டு முறை ஆள் வந்தார். பிறகு முகவரே மாறிவிட்டார்.

2022 வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. செதில் ஐஸ் பெட்டி, கரண்ட் போன நிமிசமே சும்மா பெட்டிதான். பழைய உப்புநீர்த் தொட்டியாவது குளிரைச் சில மணித்தியாலம் தனக்குள் பிடித்து வைத்திருக்கும். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. படகே கரையில் கிடந்தபோது ஐஸை யார் கேட்பது. பெட்டி நின்றதை ஊர் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. படகுகள் மறுபடி இறங்கியபோது அது ஓடவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்து, "பெட்டி வேண்டாம், பழைய மாதிரித் தொட்டி கட்டுவம்" என்று சங்கத்தில் சொல்லப்போகிறோம் என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு பின்னேரம் மனம் மாறியது. தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலை நிற்கிறது. மின்சார சபை அமைத்தது, 2020 டிசம்பரில் திறந்தது. 30 காற்றாடிகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. காற்றாலைகள் பற்றி எங்கள் தீவில் கோபம் இருக்கிறது, 2025இல் வீதிக்கே வந்தார்கள், எங்கள் வீட்டிலிருந்தும் போனார்கள். அது வேறு கட்டுரை. அன்று நாங்கள் பார்த்தது வேறு. மோட்டர்சைக்கிளை நிறுத்தி எண்ணினோம். ஒன்று சுற்றவில்லை. பழுதோ, பராமரிப்போ. மற்றவை சுற்றிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் விலைக்கோரல்களில் எது இல்லை என்று தெரிந்தது. மூன்றுமே ஒரே ஒரு பெரிய பெட்டி. விற்பவர்கள் "விரைவாகப் பொருத்தலாம்" என்பதைத்தான் பெட்டியின் பெருமையாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு விரைவு எதற்கு? இத்தனை வருடம் காத்திருந்தவர்களுக்கு இரண்டு மாதம் பெரிதில்லை. துண்டு துண்டாக இருப்பதன் பயன், துண்டு துண்டாகப் பழுதாவதுதான். ஒரே பெரிய பெட்டி நின்றால் ஐஸ் பூச்சியம், அன்று சாயந்தரமே லொறிக்காரர் விலை சொல்வார். பாதி அளவில் இரண்டு வாங்கினால் ஒன்று நின்றாலும் பாதி ஐஸ் இருக்கும். சோளகம் அடித்துக் கடல் குறைந்த மாதங்களில் ஒன்றை நிறுத்திவைத்துக் கழுவித் திருத்தலாம், கரண்ட் பில்லும் குறையும். இரண்டுக்கும் ஒரே உதிரிப்பாகம். விலை கூடத்தான், இரண்டு சிறிசு ஒரு பெரிசை விட எப்போதும் கூட. அந்த வித்தியாசத்தைக் காப்புறுதிக் காசு என்று நினைக்கச் சொல்லிக் கணக்குக்காரர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. "செதில் ஐஸ் சீக்கிரம் கரைஞ்சிடும், கட்டிதான் கடலுக்குத் தாங்கும்" என்றார் ஒரு சம்மாட்டி. சரியான பேச்சு. செதில் மீனை வேகமாகக் குளிர்த்தும், தோலைக் கிழிக்காது, அடித்து நொறுக்கும் வேலை இல்லை. ஆனால் நீண்ட நேரத்துக்குக் கட்டிதான். நண்டு தெரிகிற அக்காமார் செதில்தான் வேண்டும் என்றார்கள். கடைசியில் ஒன்று கட்டிக்கு, ஒன்று செதிலுக்கு என்று ஒரு யோசனை வந்தது. அப்படியானால் உதிரிப்பாகம் ஒன்று என்ற எங்கள் நியாயம் போய்விடும் என்று வாதாடினோம். இன்னும் முடியவில்லை.

காஸ் பற்றியும் கேட்டோம். மூன்றில் ஒரு விலைக்கோரல் மிக மலிவு. அதில் ஆர் 22 என்று இருந்தது. ஓசோன் படைக்காக 1987இல் செய்த மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் ஒழித்துக்கொண்டு வரும் காஸ். எங்களைப் போன்ற நாடுகளுக்கு 2030தான் எல்லை. பிறகு கசிந்தால் நிரப்ப எங்கே போவது? யாரோ தங்கள் பழைய இருப்பை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று எங்களுக்குப் பட்டது. அதை முதலிலேயே ஒதுக்கினோம். இதில் மட்டும் கூட்டத்தில் மறுபேச்சு இல்லை.

மற்ற இரண்டு பேருக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதினோம். கொண்டென்சர் தகட்டுக்குப் பூச்சு உண்டா. மின்பலகையின் வரைபடம் தருவீர்களா. இரகசிய எண் எங்களிடம் இருக்குமா. கம்பிரசரை மன்னாரிலோ வவுனியாவிலோ உள்ள ஆள் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா. பொருத்த வரும்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூடவே வைத்து வேலை பழக்குவீர்களா. ஒருவர் இரண்டாம் நாளே பதில் போட்டார், கடைசிக் கேள்வியைத் தவிர எல்லாவற்றுக்கும். மற்றவரிடமிருந்து இன்னும் ஒன்றும் இல்லை.

போன சனிக்கிழமை மெசின் அப்புவை மோட்டர்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வெள்ளைப் பெட்டிக்குப் போனோம். சாவி யாரிடம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை, பூட்டை வெட்டினோம். கழுதைகள் எழும்பி நாலு அடி தள்ளி நின்று பார்த்தன. உள்ளே எலிப்புழுக்கை, பழைய எண்ணெய் மணம். கொண்டென்சர் தகட்டை அப்பு விரலால் தொட்டார், வெள்ளைத் தூளாகக் கொட்டியது. அமோனியாவோடு வாழ்ந்தவருக்கு இந்த மூடிய கம்பிரசர் புதுசு. சுற்றிச் சுற்றிப் பார்த்தார், காதை வைத்தும் பார்த்தார், ஓடாத மெசினில் என்ன கேட்குமோ. பிறகு எங்கள் குளிரூட்டல்காரர் மீற்றரை வைத்து மூன்று சுற்றுக் கம்பியையும் அளந்தார்.

"என்ன காட்டுது?"

"மூண்டும் ஒரே அளவு அப்பு."

"பொடியோட தொட்டுப் பார். கசிவு இருக்கோ?"

"இல்லை."

அப்பு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப இது சாகேல்ல" என்றார். பிறகு எங்கள் கொப்பியை வாங்கி, கொண்டென்சரின் நீளம், அகலம், குழாயின் விட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, தானே எழுதினார். எழுத்து நடுங்கியது. செம்புக் குழாய் வளைக்கிற ஒருவர் வவுனியாவில் இருந்தார், இப்போதும் இருக்கிறாரோ என்று விசாரிக்கச் சொன்னார். புதிய பூட்டு ஒன்று வாங்கிப் போட்டோம். இரண்டு சாவி. ஒன்று சங்கத்தில், ஒன்று அப்புவிடம்.